ஏழாம் பீப்பாய்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசினால் சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு முடிந்துபோகிறது, அதனால்தான் கடிதம். என் கையெழுத்து எனக்கே விளங்காது என்பதால் வழக்கம்போல நம் வீட்டுக் கிளார்க்குதான் எழுதுகிறாள், பிழை இருந்தால் அவளையே கேள். அம்மாவுக்கு இந்த வாரம் இரவு வேலை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறதாம், பழையதைவிட அதிகமாக உறுமுகிறது என்கிறாள். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. எனக்கு வந்த காய்ச்சல் அப்போதே போய்விட்டது, ஆள் கல்லு மாதிரி இருக்கிறேன், கவலைப்படாதே. போன வருடம் நம் ஆலையில் ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றி வைத்த கறுப்பு பீரை இன்று திறந்து ருசி பார்த்தோம். முன்பு விஸ்கி ஊறிய பீப்பாய்கள், அந்த மரத்தின் குணமெல்லாம் பீரில் இறங்கிவிட்டது. கரிந்த சர்க்கரை, உலர்ந்த திராட்சை, மழையில் நனைந்த மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, இந்த வருடம் போல ஒரு வருடமும் வந்ததில்லை. நாளைக் காலை எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் கலக்கப்போகிறோம். அங்கே குளிர் அதிகம், வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

அக்கா, இதுவரை அப்பா சொன்னது. இனிமேல் நான். அப்பா படுத்துவிட்டார், உறையை நான் இன்னும் ஒட்டவில்லை. மேசைக்கடியில் டார்ச் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. மேலே எழுதியதில் அம்மாவின் இயந்திரமும் குழாயும் மட்டும்தான் உண்மை. அப்பாவுக்கு வாசனையே தெரியவில்லை அக்கா. காய்ச்சலோடு போனது திரும்பவே இல்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமே கறுத்துப்போனது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாவதானமாக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து அடுப்பை அணைத்ததும் என்னையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும், அம்மா கிட்டகூட வாய் திறக்காத. மூக்கும் நாக்கும்தாண்டி என் சம்பளம்" என்றார். இனிப்பு, கசப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரிகிறதாம், மற்றதெல்லாம் தண்ணீர் குடிப்பது போல இருக்கிறதாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

இன்று பள்ளி விட்டதும் வழக்கம்போல ஆலைக்குப் போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ருசி பார்க்கும் நாளில் அங்கே எப்படி என்று உனக்குத் தெரியும். அப்பா குறடால் பீப்பாயின் முகத்தில் இருக்கும் ஆணியைப் பிடுங்குவார், நூல் மாதிரி பீர் பீய்ச்சும், தம்ளரில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திரும்ப அடித்துவிடுவார். அவர் முதலில் குடித்துச் சொல்லும்வரை வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நல்லதென்றால் பீப்பாயில் சாக்பீஸால் வட்டம், கெட்டதென்றால் பெருக்கல் குறி. வட்டம் போட்டதெல்லாம் தொட்டிக்குப் போகும், ஒன்று கெட்டிருந்தாலும் மொத்தமும் பாழ். முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாட்டிலுக்கு மூடி அடிப்பாரே, மூடியக்கா, அவர் தம்ளர்களைத் துடைத்துத் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பீப்பாய்க்கும் அப்பா, "கரிஞ்ச சர்க்கரை, திராட்சை, நனைஞ்ச மரம்" என்று போன வருடம் சொன்னதையே சொன்னார். சில சமயம் தம்ளர் மூக்குக்கு வருமுன்பே சொல்லிவிட்டார். மூடியக்கா என் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா, உங்கப்பா வாய்ப்பாடு ஒப்பிக்கிறாரு?" என்று சிரித்தார். நான் கணக்கு நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழாம் பீப்பாய்க்கும் வட்டம் போட்டார். காலித் தம்ளரை வாங்கிய மூடியக்காவின் முகம் சுருங்கியது, ஆனால் அடுத்த தம்ளரைத் துடைக்கத் திரும்பிவிட்டார். முதலாளியம்மா அப்போதுதான் போன் வந்து வெளியே போயிருந்தார். தம்ளரைக் கழுவும் சாக்கில் நான் வாங்கி மோந்து பார்த்தேன். உன் நெயில் பாலிஷ் பாட்டில் அலமாரிக்குள் உடைந்து, ஒரு வாரம் நம் துணியெல்லாம் நாறியதே, அதே வாசனை அக்கா. துளிகூட மாற்றமில்லை. புளித்திருந்தால் அப்பாவின் நாக்காவது கண்டுபிடித்திருக்கும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எல்லோர் எதிரிலும் சொன்னால் அப்பாவின் மானம் போகும், சொல்லாவிட்டால் ஒரு வருட உழைப்பு போகும், பழியும் அப்பா மேல்தான் விழும். அவர்கள் அடுத்த வரிசைக்குப் போனதும் என் யூனிஃபார்ம் சட்டைக் கையால் அந்த வட்டத்தை அழித்துவிட்டேன்.

கடைசியில் அப்பா குறிகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஏழு வெறுமையாக இருந்தது. பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்தார், கையைத் தூக்கினார், அப்புறம் என் சட்டைக் கையைப் பார்த்தார். சாக்பீஸ் தூள் அப்பி வெள்ளைவெளேரென்று இருந்தது. சாக்பீஸைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு முதலாளியம்மாவிடம், "ஏழாவது ஒண்ணு மட்டும் காலையில சொல்றேம்மா" என்றார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். வந்ததும் இந்தக் கடிதத்தைச் சொன்னார், கல்லு மாதிரி இருக்கிறேன் என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. காலையில் வட்டம் போடுவாரா, பெருக்கல் போடுவாரா? அதை எப்படிப் போடுவார் அக்கா, என் சட்டையைப் பார்த்தா? எனக்குப் பயமாக இருக்கிறது. சமையலறையில் ஏதோ சத்தம். டப்பாவின் மூடி. இன்னொரு மூடி. அப்பா எழுந்து காப்பித்தூள் டப்பா, மிளகு டப்பா என்று ஒவ்வொன்றாகத் திறந்து மோந்துகொண்டிருக்கிறார் போல.

நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து அப்பா வந்துவிட்டார். காகிதத்தை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தார். கிழிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தரையில் உட்கார்ந்து, "ஏழாவதுல என்ன வாசனைன்னு எழுதியிருக்க?" என்று எழுத்துத் தெரியாதவர் போலக் கேட்டார். நெயில் பாலிஷ் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப பீப்பாயோட அடைப்பு சரியா இறுகல. காத்து உள்ள போயிருக்கு" என்றார். கண்ணைத் திறந்து, "அதான் மூடிக்காரி மூஞ்சியச் சுளிச்சாளா, கெட்டிக்காரி" என்று சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அப்புறம், "கிழிச்சிடாதடி கிளார்க்கு. அதுக்குக் கீழ நான் சொல்றத எழுது" என்றார். எழுதுகிறேன்.

பெரியவளே, உன் தங்கை எழுதியதெல்லாம் நிஜம். காலையில் முதலாளியம்மாவிடம் நானே சொல்லி, ஏழாவதை அவரையே மோந்து பார்க்கச் சொல்லப்போகிறேன். இதே வேலையில் வைத்தாலும் சரி, மாற்றினாலும் சரி, பீப்பாய் உருட்டத் தோள் இருக்கிறது. அம்மா வந்ததும் அவளிடமும் சொல்வேன், வாங்கிக் கட்டிக்கொள்வேன், டாக்டரையும் பார்ப்பேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ போகும்போது உன் பெட்டியில் ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தேனே போன வருடத்துப் பாட்டில், அதைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருப்பாய் என்று தெரியும். திற. சில்லென்று குடிக்காதே, குளிர்ச்சி போகும்வரை மேசையில் இருக்கட்டும். தம்ளரில் பாதிதான் ஊற்று, நிறைத்தால் வாசனை நிற்க இடமிருக்காது. முதல் மிடறு வாயைக் கழுவத்தான், அதை நம்பாதே, இரண்டாவதை நாக்கில் வைத்து மூச்சை மூக்கு வழியாக விடு. கனமான பீர், தனியாக முடிக்காதே, அறைத்தோழிக்கும் கொடு. என்ன வருகிறதென்று எழுது, என் சர்க்கரையையும் திராட்சையையும் காப்பியடிக்காதே, உனக்கு எது தோன்றுகிறதோ அது, நெயில் பாலிஷ் என்றாலும் சரி. இவள் படித்துக் காட்டுவாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருடம் இருக்க வேண்டும். காதை மூடிக்கொண்டு போ, மூக்கையும்தான்.

உன் அப்பா
(கிறுக்கலாக இருக்கும் கையெழுத்து மட்டும் அவருடையது)