ஆமையின் தலை

அப்பா,

மாடி வீட்டுக் குழந்தைக்காக நான் மரத்தில் வெட்டிய ஆமைப் பசிலில் (துண்டுகளைப் பொருத்தும் புதிரில்) தலைத் துண்டைக் காணோம் என்று நேற்று நான் சொன்னதும், "எதையாவது ஒழுங்கா வச்சிருக்கியா? ஆமைதானே, தலையை உள்ள இழுத்துக்கிச்சுன்னு சொல்லிக் குடு" என்றீர்கள்.

இன்று காலையில் உங்கள் சட்டையைத் துவைத்தபோது, அதன் பையில் அந்தத் தலை இருந்தது. கடைசித் துண்டை நீங்களே பொருத்த வேண்டுமென்று வழக்கம்போல எடுத்து வைத்து மறந்திருக்கிறீர்கள். தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது, இனிப் பொருந்தாது.

லேசரில் மரம் வெட்டித் தரும் கடைக்குப் போய் வேறு தலை வெட்டி வந்தேன். மேஜைமேல் இருக்கிறது. லேசர் சுட்ட ஓரத்தில் கரி இருக்கும், கையில் ஒட்டும்; துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். சாயங்காலம் குழந்தை வருவதற்குள் நீங்களே பொருத்திவிடுங்கள். மற்றதெல்லாம் அடுக்கிவிட்டேன்.

சோறு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: ஊறிய தலையை உங்கள் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன்.