இரண்டு வரைபடங்களுக்கு நடுவே ஒரு குன்று

1995 ஜனவரி 9, குஷ்டகி

பெங்களூரிலிருந்து இயக்குநரின் கடிதம். என் நிலவியல் வரைபட ஷீட்டையும், கிழக்கே அதை ஒட்டியிருக்கும் ஜலஜாக்ஷியின் ஷீட்டையும் மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். என் பக்கம் கரடிமட்டிக் குன்றின் மேல் ஓடிவரும் இரும்புப் பாறை, ஷீட்டின் ஓரக் கோட்டை எட்டியதும் காணாமல் போகிறது. அந்தப் பக்கம் வெறும் கிரானைட். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகள், பின்னால் வெள்ளைக்காரன் போடப்போகும் கோட்டை முன்கூட்டியே மதித்து நடந்திருப்பது வியப்பளிக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

கடைசிப் பத்தியில் நகைச்சுவை இல்லை. பிப்ரவரிக்குள் இருவரும் சேர்ந்து ஓரத்தை நடந்து பொருத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஷீட்டும் அச்சுக்குப் போகாது. வேறு ஆட்கள் முதலிலிருந்து வரைவார்கள்.

நான்கு பருவ உழைப்பு. நான்கு ஜோடி பூட்ஸ்.

ஜனவரி 10

பிழை ஜலஜாக்ஷியுடையது.

ஜனவரி 13

ஜலஜாக்ஷி வந்து சேர்ந்தார். தார்வாடில் ஒரே வகுப்பு நாங்கள். ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஒரு கருத்தரங்கில் என் கட்டுரையைப் பற்றி யாரோ கேட்டபோது, என் பெயரைச் சொல்லி, ஹிரேமட் கொஞ்சம் பாறையையும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இன்று வணக்கத்துக்குப் பதிலாகத் தன் ஷீட்டை விரித்தார். "எங்க வேணா நடக்கலாம். என் கிரானைட்ல மட்டும் கை வைக்கக் கூடாது."

கிரானைட்டில் கை வைத்து யார் என்ன செய்துவிட முடியும்?

ஜனவரி 19

ஐந்து நாளில் வடக்கு முனையிலிருந்து இருபது கிலோமீட்டர். ஓர் அடிகூடப் பிசகவில்லை. இரண்டு பேருக்குமே ஏமாற்றம்.

மதியம் ஓரக் கோடு ஒரு விவசாயி வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து வெளியேறியது. அவர்கள் கொடுத்த சோள ரொட்டியைத் தின்றபடி, அடுப்பு என் ஷீட்டில் இருக்கிறது, பாத்திரம் கழுவுமிடம் உங்களுடையது என்றேன். ஜலஜாக்ஷி சிரித்துவிட்டார். உடனே அதைச் சரிசெய்வதுபோல் நோட்டில் எதையோ மும்முரமாக எழுதினார்.

ஜனவரி 20

இதை எழுதக் கை கூசுகிறது.

கரடிமட்டி அடிவாரத்தில் ஜீப் நின்றது. மேலே ஏற வழி எது என்று கேட்டார். நீங்கள் போன தடவை ஏறிய வழியிலேயே போகலாம் என்றேன். என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க ஏறலை," என்றார்.

"நீங்க?"

"மேற்கால இருந்து நீங்க ஏறியிருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

நானும் அப்படியேதான். கிழக்கேயிருந்து அவர் ஏறியிருப்பார் என்று நம்பி, கீழே நின்று பைனாகுலரில் பார்த்து, என் இரும்பை ஓரம் வரை இழுத்துவிட்டேன். அவர் தன் கிரானைட்டை இழுத்துவிட்டார். காரணமும் ஒன்றே. இரண்டு முகாமுக்கும் ஒரே டிரைவர், கெஞ்சப்பா. மேலே கரடி இருக்கிறது என்று இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஹுலிகெவ்வா எங்கள் பேச்சைக் கேட்டுக் கோலை ஊன்றி நின்றாள். "இந்தக் கரடிமட்டியில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. மேல போய்க் கரடி என்னய்யா பண்ணும், கல்லைக் கடிக்குமா?"

எல்லோரும் கெஞ்சப்பாவைப் பார்த்தோம். அவர் டயரைப் பார்த்தார். நீங்கள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவீர்கள், இங்கே ஒரு மர நிழல்கூட இல்லை என்றார். இருபது வருட உத்தியோகத்தில் நான் கேட்ட மிக நேர்மையான விளக்கம்.

ஜனவரி 21

ஏறினோம்!

பாறைக்குள் இருக்கும் இரும்பைக் காட்டும் காந்தமானியோடு நடப்பவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. ஜலஜாக்ஷி கொண்டையிலிருந்து பதினோரு ஊசிகளை உருவினார். நான் சாவியையும் பெல்ட்டையும் கழற்றினேன். எல்லாம் ஹுலிகெவ்வாவின் மடியில். ஜலஜாக்ஷியின் கூந்தல் காற்றில், என் பேண்ட் என் இடது கையில். இந்த நிலையில் நாட்டின் நிலவியல் முன்னேறியது. புருஷனும் பொண்டாட்டியும் எதையோ தொலைச்சிட்டுத் தேடுதுங்க என்று ஹுலிகெவ்வா ஆடுகளிடம் சொல்வது மேல்வரை கேட்டது. நாங்கள் திருத்தவில்லை; மூச்சு வாங்கியது.

பத்தடிக்கு ஒரு அளவு. இரும்பின் மேல் எண்கள் தாறுமாறாகத் துள்ளின. திடீரென்று விழுந்து, அப்படியே படுத்துவிட்டன. இரும்பு முடிந்தது. ஓரக் கோட்டுக்கு இருநூறு அடி முன்னால் - என் ஷீட்டுக்குள்ளேயே.

அவர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த சத்தத்தைக் காணோம். திரும்பினால், முழங்காலிட்டுத் தரையை உற்றுப் பார்க்கிறார். இரும்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவே ஓர் ஆள் உயர அகலத்துக்குக் கூழாங்கற்கள் இறுகிய ஒரு பாறை. ஒவ்வொரு கல்லும் ரோஸ் நிறம். எல்லாம் அவருடைய கிரானைட். ஏதோ ஒரு ஆறு அதை உடைத்து, உருட்டி, பரப்பியிருக்கிறது. அதன் மேல்தான் என் இரும்பு படிந்திருக்கிறது. அப்படியென்றால் கிரானைட்தான் மூத்தது. இரும்புக்குப் பிறகு வந்தது கிரானைட் என்று அவர் புத்தகமே போட்டிருக்கிறார்.

"பதினஞ்சு வருஷமாத் தலைகீழா சொல்லிட்டிருக்கேன், ஹிரேமட்," என்றார். ஒரு மனுஷிக்கு இவ்வளவு சந்தோஷமா, தப்பு செய்ததில்? சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பேண்ட்டை விட்டுவிடப் பார்த்தேன்.

ஜனவரி 22

பிழை இருவருடையதும்.

பிப்ரவரி 24

ஷீட்டுகள் பொருந்திவிட்டன. கூழாங்கல் பாறையைக் கண்டது யார் என்று இயக்குநர் கேட்டிருந்தார். ஜலஜாக்ஷி என்று நான் எழுதினேன். ஹிரேமட் என்று அவர் எழுதியிருக்கிறார். இரண்டு கடிதமும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டன.

மார்ச் 18

இரண்டும் அச்சுக்குப் போயின.

நவம்பர் 6, மஸ்கி

புதுப் பருவம். இருவரும் அடுத்தடுத்த ஷீட்டுகளாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம். இன்று முதல் நாள். ஓரத்திலிருந்து தொடங்கினோம்.