இரண்டாவது நோட்டு

பிப்ரவரி 6

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் என்று தொடங்க வழியில்லை. நிணநீர்ப் புற்று மூன்றாம் முறையாகத் திரும்பிவிட்டது. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வகையாம். லாட்டரியே விழாதவனுக்கு இது விழுந்திருக்கிறது. ஊசி மருந்தெல்லாம் கைவிட்டதால், சோதனையில் இருக்கும் ஒரு மாத்திரையைத் தருகிறார்கள். முதலில் எங்கள் ஆறு பேருக்குத்தான். தினமும் காலையில் நான்கு. காய்ச்சல், இருமல் எது வந்தாலும் அவர்கள் தந்த நோட்டில் எழுத வேண்டும். தொந்தரவு அதிகமானால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

கழுத்துக் கட்டியை லேத் பட்டறையில் இரும்பை அளக்கும் வெர்னியரை வைத்து அளந்தேன். 31 மில்லிமீட்டர். சோதனையை நடத்தும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

உன் அண்ணன்

பிப்ரவரி 21

அண்ணா,

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெர்னியர் கதையைப் படித்ததும் திட்டினேன். என்ன வந்தாலும் அந்த மாத்திரையை விட்டுவிடாதே. சின்னக் காய்ச்சலையெல்லாம் பெரிதாக எழுதி, அவர்களே உன்னை வெளியே அனுப்பும்படி செய்துகொள்ளாதே. இங்கே வேலையில் லீவு கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தங்கச்சி

ஏப்ரல் 9

அன்புத் தங்கச்சிக்கு,

கட்டி 12. நம்பு, மூன்று தடவை அளந்தேன்.

நீ சொன்னபடியே மருத்துவமனை நோட்டில் தினமும் "தொந்தரவு இல்லை" என்று எழுதுகிறேன். இத்துடன் வருவது இன்னொரு நோட்டு. உள்ளது உள்ளபடி இதில்தான் இருக்கிறது. பதினேழு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல். பரிசோதனைக்குப் போகும் நாளில் மட்டும் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறேன். முப்பது வருடம் லேத்தில் ஒரு அளவைக்கூட மாற்றி எழுதாதவன் நான்.

எனக்குப் பிறகு இதை டாக்டரம்மாவிடம் கொடு. இல்லாவிட்டால் அடுத்து வருகிறவருக்கும் நான்கே கொடுப்பார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

உன் அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

நோட்டு வந்த அன்றே டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டு, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன். உன்னை வரவழைத்து ஸ்கேன் எடுத்த பிறகு, மாத்திரையால் நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார். "மறைக்கச் சொன்னது யார்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன்.

மாத்திரையை நிறுத்த வைத்ததும் நான்தான். நீ போனை எடுப்பதில்லை. திட்டவாவது எழுது.

தங்கச்சி

மே 14

தங்கச்சிக்கு,

கட்டி 29. இருமல் நின்றுவிட்டது, நிற்காமல் மாடி ஏறுகிறேன். மற்ற ஐந்து பேருக்கும் மாத்திரையை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எனக்கு அந்த மாத்திரையைத் திரும்பத் தர மாட்டார்களாம். வேறு மருந்தும் கிடையாது.

உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. பொய் எழுதுவதை விட்டுவிட்டேன், அதனால் சொல்கிறேன். தீரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. லீவு தராவிட்டாலும் கிளம்பி வா.

அண்ணன்