கட்டிப்போட்ட ஒட்டகம்

மச்சான்,

இன்று காலை உன் காரின் கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. நீ குடித்துவிட்டு சீட்டுக்கடியில் உருட்டிவிடும் அரபிக் காபிக் கோப்பைகளின் வாசம். பூஞ்சையும் ஈரமும் கலந்திருந்தாலும் அது உன் வாசம்தான். உள்ளே ஏற மனம் வராமல் தூறலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நம் வீடுகள் இருக்கும் பிளாட் புஷ்ஷிலிருந்து எல்லர்ஸ்லி அலுவலகத்துக்கு இந்தக் காரில்தானே நாம் ஒன்றாகப் போய்வந்தோம். மோட்டார்வே நெரிசலில் மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நீ வாயைத் திறப்பாய், பாலைவனம் வந்துவிடும். வளைகுடாவில் பிழைப்புக்காகக் கற்ற அரபு, இஸ்லாம் வருவதற்கு முந்தைய அரபிகளிடம் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஒரு குலத்தில் கவிஞன் தலையெடுத்தால் கல்யாண வீடு மாதிரி விருந்து வைப்பார்களாம். அந்த விருந்தில் காபி உண்டா என்று ஒருநாள் சீண்டினேன். அப்போது காபியே கிடையாது என்று வீட்டுப் பக்கத்து மனுகாவ் வரும்வரை என்னை வறுத்தெடுத்தாய். ஆண்டில் நான்கு புனித மாதங்களில் சண்டை கூடாது என்பது அவர்கள் வழக்கம். உன் மனைவி வாணியோடு வாக்குவாதம் முற்றும்போதெல்லாம், புனித மாதம் பிறந்துவிட்டதாக அறிவித்துத் தப்பித்துக்கொள்வாய்.

ஒரே ஒரு வழக்கத்தைப் பற்றி மட்டும் உன்னால் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. அவர்களில் சிலர், ஒருவன் இறந்தால் அவனுடைய ஒட்டகத்தை அவன் கல்லறையோரம் கட்டிவிடுவார்களாம். தீனி கிடையாது, தண்ணீர் கிடையாது. அது அங்கேயே கிடந்து சாகவேண்டும். இறந்தவர்கள் எழும் நாளில் தங்கள் ஆள் மட்டும் நடந்து போகக்கூடாதே என்ற பாசம். "செத்தவன் எப்பிடியும் நடந்திடுவான் மச்சான். கட்டின ஒட்டகம் என்ன செய்யும்?" என்றாய்.

போன குளிர்காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து கார் உன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. வாணிக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். ஆனாலும் முதியோர் இல்லத்து வேலைக்கு பஸ் ஏறி, இறங்கி, மழையில் நடந்துதான் போகிறாள். முழங்கால் வீங்கிவிட்டது. ஓட்டு என்றால் கேட்பதில்லை, வேறு யாரையும் தொடவிடுவதும் இல்லை. ஞாயிறுதோறும் துடைத்து மட்டும் வைப்பாள். எனக்குக் கோபம்கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

முழங்கால் இனித் தாங்காது என்று இன்று அவளே கூப்பிட்டாள். பேட்டரி செத்துக் கிடந்தது. என் காரிலிருந்து கேபிள் போட்டேன். இருமி இருமி ஒருவழியாக எஞ்சின் உயிர் பிடித்தது. வேலை உடுப்போடு பக்கத்தில் நின்றவள் ஏறவில்லை. உன் நெட்டைக் கால்களுக்காகப் பின்னால் தள்ளிவைத்திருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒட்டகக் கதையை எனக்கும் சொன்னவர், அண்ணை. அவர் நடக்கக் கூடாதெண்டு நானும் இதைக் கட்டிப்போட்டு வச்சிருக்கிறன் போல," என்றாள். பிறகு மெதுவாக, "சீற்றை முன்னுக்கு இழுத்தாத்தான் எனக்குக் கால் எட்டும். இழுத்தா அவர் இருந்த இடம் இல்லாமப் போயிடும். நீங்கள் இழுத்து விடுங்கோ. என்னால ஏலாது."

குனிந்து, அடியிலிருந்த கம்பியைத் தூக்கி இழுத்தேன். கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு சீட் முன்னால் வந்தது. வாணி ஏறி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கார் தெருமுனை திரும்பியதும் நான் நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், மச்சான்.

அவள் இனி நனைய மாட்டாள். உன்னை நடக்கவிட்டவன் நான்தான். நீ எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்தப் பாரம் என்னோடு இருக்கட்டும்.