குழந்தைகள் மூலையில் அறுந்த நரம்பு

16-10-83, ஞாயிறு
மச்சான் லூர்துநாதன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். போகும்போது புல்வெட்டும் மிஷின் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கத்தி கிடையாது. அடியில் வட்டமாக ஒரு தலை; அதன் இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிற நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுகிற வேகத்தில் அது புல்லை அரியுமாம். “கல்லறைத் திருநாளுக்கு இனிமே நாலு ஆளு தேட வேணாம் மாப்ள” என்றார். கல்லறைக் கமிட்டியில் புல்லுக்கு நான் பொறுப்பு. மற்றவர்களெல்லாம் யோசனைக்குப் பொறுப்பு.

சாப்பிடும்போது சலோமி சொன்னாள்: “இந்த வருஷம் ஞானமேரிக்கு சிமெண்டுல சிலுவை வச்சிடணுங்க. கொத்தனார் நீலகண்டன்கிட்ட சொல்லிட்டேன். முப்பத்தொண்ணாந் தேதி வர்றாரு.”

பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

17-10-83
யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். எங்கள் மகள் ஞானமேரி பன்னிரண்டு நாள்தான் இருந்தாள். எழுபத்து நான்கில் கல்லறைத் தோட்டத்தின் குழந்தைகள் மூலையில் அடக்கம் செய்தோம். எழுபத்தேழு புயலில் அந்த மூலையின் மரச்சிலுவைகள் அத்தனையும் போய்விட்டன, மணல் மூடிவிட்டது. அடுத்த நவம்பரில் சலோமி “எங்கங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியவில்லை. பூவரச மரத்தடியைக் காட்டி “இங்கதான்” என்றேன். ஐந்து வருஷமாக அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

இப்போது அந்தப் பொய்க்குச் சிமெண்டு போடப்போகிறோம்.

19-10-83
மிஷினைக் கிளப்பினேன். புல்லில் பட்டதும் நரம்பு பட்டென்று ஒடிந்தது. பட்டினச்சேரி உத்திராபதி வலை பின்னுகிறவர், பார்த்துவிட்டுச் சிரித்தார். “காஞ்சு மொறுமொறுத்துப் போச்சுண்ணே. ஒரு நாள் தண்ணியில ஊறப்போடுங்க.”

ஊறப்போட்டேன். சலோமி: “ஏங்க, புளிச்சட்டிதான் கெடச்சுதா?”

20-10-83
நரம்பு சுற்றும் வித்தை. மிஷினோடு வந்த புத்தகம் பிரெஞ்சில், நான் படம் பார்த்துப் படித்த பண்டிதன். முதல் தடவை அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் சுற்றினேன். உள்ளே மொத்தமும் அவிழ்ந்து சிக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறிவிட்டன. தலையைத் தரையில் தட்டினால் புது நரம்பு வெளியே வர வேண்டும், வரவில்லை. மூன்றாவது தடவை, சுருளை விளிம்புவரை நிரப்பாமல், அம்புக்குறி காட்டிய பக்கமாக, சுற்றோடு சுற்று ஒட்டி வரிசையாகச் சுற்றி, இரண்டு முனையையும் துளை வழியே ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டு மூடினேன். தட்டினேன். வந்தது! நாற்பத்தெட்டு வயதில் நூல் கோர்க்கக் கற்றுக்கொண்டவன்.

22-10-83, சனி
நண்பகல். பெரியவர்கள் பக்கம் முழுக்க ஒரு தடங்கலும் இல்லை. குழந்தைகள் மூலையில், பூவரசிலிருந்து கிழக்கே ஏழெட்டு அடி தள்ளி, இரண்டு பக்க நரம்பும் ஒரே நேரத்தில் அறுந்தன. தட்டி வெளியே இழுத்து மறுபடி போனேன். அதே இடம். மறுபடியும்.

கல் இல்லை, கம்பி இல்லை. புல் மட்டும்.

அறுந்த துண்டுகளைத் தேடினேன். ஆரஞ்சு நிறம், பச்சைப் புல்லில் கண்ணைப் பறிக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

23-10-83
பூசைக்குப் போனேன். மிஷினைத் தொடவில்லை.

24-10-83
நரம்பில்தான் கோளாறு என்று உத்திராபதியிடம் தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய தங்கூசி நரம்பு வாங்கிச் சுற்றினேன். கோரைப் புல்லுக்கே அறுந்தது. “அண்ணே, அது மீனு புடிக்க!” சரி என்று பழையபடி தடித்த நரம்பு. எல்லா இடத்திலும் வெட்டியது. அந்த இடத்தில் மட்டும் அறுந்தது. இன்று மூன்று தடவை.

அறுவதற்கு முன் கையில் ஒன்று தெரிந்தது. வெடுக்கென்ற இழுப்பு இல்லை. வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பார்களே, அந்த மாதிரி.

26-10-83
பதினொரு மணி, நல்ல வெயில். அதே இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வியர்வை துடைத்தேன். கீழே க்ளிக், க்ளிக் என்று சத்தம். நான் தட்டவில்லை. தலை சுற்றவில்லை. நரம்பு தானாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு சாண். இரண்டு சாண். புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

துணிச்சலாக நின்றேன் என்று எழுத ஆசைதான். என் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

27-10-83
அந்த இடத்தைக் கையால் தோண்டினேன். மேலே புல் வேர் பாய் மாதிரி பின்னிக் கிடந்தது, யாரும் தொட்ட அடையாளமே இல்லை. அதற்குக் கீழே சுத்தமான மணல். முழங்கை ஆழத்தில் ஆரஞ்சு. அறுந்த துண்டுகள் எல்லாம். சிதறிக் கிடக்கவில்லை. சின்னக் கைப்பிடிக்குள் பொத்தி வைத்த மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு.

எப்படி? மண்ணுக்குள்ள எப்படிப் போகும்?

“ஏம்மா, நீயா?” — வாய்விட்டே கேட்டுட்டேன். பதில் வந்திருந்தா செத்திருப்பேன். வரலையேன்னும் இருந்தது.

துண்டுகளை அங்கேயே வைத்து மூடினேன். எடுக்க மனசு வரவில்லை.

30-10-83
நாளை கொத்தனார் வருகிறார். சலோமி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பூவரசடி பொய் என்று சொல்லிவிட்டேன். அது மட்டும்தான். நரம்பைப் பற்றிச் சொல்லவில்லை, அந்த இடத்தைப் பற்றியும் சொல்லவில்லை. சொன்னால், தப்பிக்க இன்னொரு கதை கட்டுகிறேன் என்பாள்.

“அஞ்சு வருஷமா?”

“ம்.”

“அஞ்சு வருஷமா வெறும் மண்ணுகிட்டயா பேசிட்டிருந்தேன்?”

சோறு போட்டாள். குழம்பில் உப்பில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

31-10-83
நீலகண்டன் கலவையைக் குழைத்துவிட்டு, “எங்கங்க வைக்கணும்?” என்றார். என்னைத்தான் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சலோமி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். பூவரசைத் தாண்டினாள். கிழக்கே ஏழெட்டு அடி போய் நின்றாள், நான் தோண்டி மூடிய அதே இடத்தில்.

“இங்க வைங்க” என்றாள். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

2-11-83, கல்லறைத் திருநாள்
காற்று பலமாக இருந்தும் மெழுகுவத்தி அணையவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முன்னே, நான் பின்னே. வீட்டு வாசலில் நின்று, மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள்:

“அடுத்த வருஷம் அந்த மூலைக்கு மிஷினு வேணாங்க. நானே கையால புடுங்கிக்கிறேன். தூங்குற புள்ள பக்கத்துல என்ன அவ்வளவு சத்தம்?”