நான் ஆண்ட தீவு

7.9.86, ஞாயிறு

காலை பாண் ரொட்டி. மத்தியானம் பாண். இரவு, ஒரு மாற்றத்துக்கு, பாண். ஜெர்மன் அரசாங்கம் என்னைப் பாணாலேயே கொல்லத் திட்டம் போட்டிருக்கிறது.

முகாம் யன்னலால் பார்த்தால் குடாவுக்கு நடுவில் ஒரு தீவு. ஆளில்லை, பொலிசில்லை. கடல் வற்றினால் நடந்தே போகலாமாம். "அங்கை எருமை அளவிலை நண்டு, பிள்ளை" என்று அக்காவின் மகள் கொறற்றிக்குச் சொன்னேன்.

"பொய்க்கும் ஒரு அளவு வேணும், மாமா." சிரித்தாள். அவள் சிரித்துக் கனகாலம். புருஷன் அன்ரனுக்கு 15ஆம் திகதி அகதி விசாரணை. இரண்டு பேரின் தலைவிதியும், ஜெர்மன்காரர் ரெர்மின் என்கிற அந்த ஒரு தவணையில்.

13.9.86

அன்ரன் ஒழுங்காய்ச் சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகுகிறான். நாளைக்குத் தீவுக்குக் கூட்டிப்போய் அவனை மந்திரியாக்கப் போகிறேன்.

முகாம் காவலாளி மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, தண்ணீர் ஏறும் என்று கழுத்துமட்டும் கையை உயர்த்தினான். ஊர்காவற்துறையிலை பிறந்த எனக்குக் கடல் படிப்பிக்கிறாராம். எங்கடை களப்பிலை பகல் முழுக்க நடந்தாலும் முழங்காலுக்கு மேலை நனையாது. கடல் எண்டால் கடல்தானே.

16.9.86

இல்லை. கடல் எண்டால் கடல் இல்லை.

முந்தநாள் தீவிலை கழுத்துத் துண்டைக் கொடியாய் ஏத்தினன். பறவைகள் எல்லாத்துக்கும் மனு இல்லாமலே குடியுரிமை குடுத்தன். அன்ரன் வயிறு பிடிச்சுச் சிரிச்சான் — திரும்பிப் பார்த்தால் வந்த வழி இல்லை. முதுகுப் பக்கத்து வாய்க்கால்தான் முதல் நிரம்பினது. இரவு தண்ணி வத்தியும் இருட்டிலை சேத்துக்கை இறங்க ஏலாது.

15ஆம் திகதி விடிய ஒரு மீன்பிடி வள்ளம் எங்களை ஏத்தினது. கரையிலை பொலிஸ். தீவு பக்கத்து மாவட்டமாம். அகதி மாவட்டம் தாண்டக் கூடாதாம். ஆளில்லாத இடத்துக்கும் எல்லை கீறி வைச்சிருக்கிறாங்கள். பொலிஸ் எங்களை விடேக்கை பின்னேரம். விசாரணைக் கந்தோர் பூட்டு.

அன்ரன் என்னை ஏசேல்லை. ஏசியிருக்கலாம்.

2.10.86

வேறு ரெர்மின் தரமாட்டார்களாம். கொறற்றி என் கோப்பையைக் கழுவித் தனியாக வைக்கிறாள்.

21.11.86

அன்ரனின் மனு தள்ளுபடி. கூப்பிட்டும் வரவில்லையாம். வேறு காரணமே தேவைப்படவில்லை.

8.12.86

விடிய அன்ரன் ஒருவனின் காரில், களவாய், பிரான்சுப் பக்கம் போய்விட்டான். போய்ச் சேர்ந்தால் இவளைக் கூப்பிடுவானாம். சேர்ந்தால்.

கொறற்றி யன்னலடியில் நின்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அங்கை என்ன கிடந்தது, மாமா?"

எருமை நண்டு தொண்டைமட்டும் வந்தது.

"ஒண்டுமில்லை, பிள்ளை. புல்லு. பறவை எச்சம்."

"அதுக்கோ போனனீங்கள்."