கடல் பக்கத்து மதில்

கொலோன்,
அக்டோபர் 8, 1986

அன்புள்ள நெரெய்தா,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டோபெலோ கோட்டைக்கு வந்திருந்தேன். நீ சுற்றிக் காட்டிய கூட்டத்தில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கடைசியில் நின்றவன் நான்தான். நன்றாகப் பேசுகிறாய். ஆனால் கடல் பக்கத்து மதிலில், மூன்றாவது பீரங்கிக்குக் கீழே, விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இருபத்தொன்றாம் தேதி கறுப்புக் கிறிஸ்து திருவிழாக் கூட்டம் அதன் மேல்தான் ஏறும். ஏற விடாதே.

அண்ணன்
எலாதியோ


போர்ட்டோபெலோ,
அக்டோபர் 13

அண்ணனுக்கு,

வந்தும் ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறீர்களே. என் வீட்டுக்கு நீங்கள் போட்ட கூரை என் தலையில் இறங்கியபோது ஆணியைக் குற்றம் சொன்ன மேஸ்திரி நீங்கள். எப்படி நம்புவது?

கோட்டை மேலாளரிடம் சொன்னேன். "இருநூறு வருஷமா நிக்குது, உங்கண்ணன் பாத்ததும் விழுந்துடுமா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். இப்போது தினமும் அந்த வெடிப்பையே பார்க்கிறேன். பெரிதாகிறதா, என் கண்தான் அப்படிக் காட்டுகிறதா, தெரியவில்லை.

நெரெய்தா


போர்ட்டோபெலோ,
அக்டோபர் 22

அண்ணனுக்கு,

நேற்று படகுக் கயிற்றைக் கட்டி மதிலில் ஏறும் வழியை நானே அடைத்தேன். ஊதா அங்கி போட்ட பக்தர்கள், "சாமி கும்பிட வந்தவங்கள மறிக்க நீ யாரும்மா?" என்று ஏசினார்கள். சாயங்காலம்வரை நகரவில்லை.

மதில் விழவில்லை. ஒரு கல்கூட உதிரவில்லை. அனுமதியில்லாமல் அடைத்தேன் என்று மேலாளர் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஊரே சிரிக்கிறது. நீங்கள் சொன்னது நிஜம்தானா? அதை மட்டும் எழுதுங்கள்.

நெரெய்தா


கொலோன்,
அக்டோபர் 29

அன்புத் தங்கைக்கு,

நேற்று ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டிப் பார்த்தேன். வெடித்திருப்பது பிற்காலத்துப் பூச்சு மட்டும். உள்ளே கல் அசையவில்லை. "இதுக்கா பயந்தீங்க மேஸ்திரி?" என்றார்.

நான் சொன்னது தப்பு, நெரெய்தா. மேலாளரிடமும் அப்படியே சொன்னேன். கூரை விழுந்ததும் என் தப்புதான். நேற்று உன் வாசல்வரை வந்து, கதவைத் தட்டப் பயந்து திரும்பிவிட்டேன்.

எலாதியோ


போர்ட்டோபெலோ,
நவம்பர் 3

அன்புள்ள அண்ணா,

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. உங்கள் மேல் கோபமும் தீரவில்லை. ஆனால் நீங்கள் 'என் தப்பு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வரியை என் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன்.

எழுதித் திட்ட எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ச் சோறு வைக்கிறேன். நேரில் வந்து வாங்கிக்கட்டிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் தங்கை
நெரெய்தா